கேம் கன்சோல் லோகோலயே நிக்குதா? கார்டப் பாக்காம போர்டுக்குக் காசு குடுக்காதீங்க

திருமங்கலத்துல இருந்து ஒரு காலேஜ் தம்பி கேட்டிருக்கார்: செகண்ட் ஹேண்ட்ல ஆர்ஜி353விங்கற கையில வச்சு வெளையாடுற கேம் கன்சோல் வாங்கி, 128 ஜிபி மெமரி கார்டுல லினக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டு ஓட்டிட்டு இருந்தேன், ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு, கேம் நெறைய ஏத்துனப்புறம் சேவ் ஆகல, இப்ப லோகோலயே நிக்குது. மதுரையில ஒரு கடையில உள்ள இருக்குற மதர்போர்டு போச்சு, 3500 ஆகும்ங்கறாங்க. மாத்திரலாமா?

மாத்தாதீங்க தம்பி. மொதல்ல கார்டக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. உங்க மாடல்ல உள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கு, கார்டு இருந்தா லினக்ஸ், இல்லாட்டி ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டு வந்துருச்சுன்னா போர்டு, பேட்டரி, ஸ்கிரீன் எல்லாம் உசுரோட இருக்கு, பெரும்பாலும் கோளாறு கார்டுலதான்.

இதுல ஒண்ணு இருக்கு, நிதானமாப் படிங்க. இதே உருவத்துல ஆர்ஜி353விஎஸ்னு இன்னொரு மாடல் இருக்கு, அதுல ஆண்ட்ராய்டே கெடையாது, கார்டக் கழட்டுனா எதுவும் வராது. அது ரிப்பேர் இல்ல, அதோட அமைப்பே அப்படி. செகண்ட் ஹேண்ட்ல வாங்குறப்ப விஎஸ்ஸ 'வி'ன்னு சொல்லித் தள்ளிவிட்டுருப்பாங்க, அதனால பின்னாடி ஸ்டிக்கர்ல மாடல் பேரப் பாத்துக்கங்க. விஎஸ்ஸா இருந்தா, கூட்டாளிகிட்ட இருந்து நல்ல கார்டு ஒண்ணு வாங்கி இமேஜ் (லினக்ஸ் முழுசும் அடங்குன ஃபைல்) ஏத்தி, மொத ஸ்லாட்டுல போட்டுப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். ரெண்டாவது ஸ்லாட்டு கேம் வைக்கத்தான், அதுல லினக்ஸ் கார்டப் போட்டுட்டு வரலைன்னு அழக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரம் ஓடி, கேம் ஏத்துனதும் படுத்துருச்சுன்னு நீங்க சொன்னதே போதும், எனக்கு டூப்ளிகேட் கார்டு மேலதான் சந்தேகம். உள்ள இருக்கறது 8 ஜிபியோ 16 ஜிபியோ, கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் 128னு பொய் சொல்ற மாதிரி செஞ்சு வச்சிருப்பான். வாசல்ல 128 மூட்டைன்னு போர்டு மாட்டுன குடோன்ல எட்டு மூட்டைக்குத்தான் எடம்னா என்ன ஆகும், ஒன்பதாவது மூட்டைய வாங்கிப் பின்வாசல் வழியா வீசிட்டு ரசீது மட்டும் குடுப்பான். லினக்ஸ் சின்னது, அது உள்ள உக்காந்துரும், நீங்க கேமா அடுக்க அடுக்க ஏற்கெனவே இருந்தது மேலயே எழுதும், இல்ல காணாமப் போகும். லினக்ஸும் தப்பக் கண்டா இனி எழுத மாட்டேன்னு பல சமயம் பூட்டிக்கும், சேவ் ஆகாததுக்கு அது காரணமா இருக்கலாம்.

சோதிக்க வழி இருக்கு. விண்டோஸ்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்ல எஃப்3, ரெண்டும் இலவசம். கார்டு பூராம் எழுதித் திரும்பப் படிச்சுப் பாக்கும், 128க்கு ரெண்டு மூணு மணி நேரமாவது ஆகும், பொறுமையா விடுங்க. கார்ட ஃபார்மேட் பண்ணிட்டுத்தான் இத ஓட்டணும், அதனால முன்னாடியே சேவ் ஃபைல காப்பி எடுத்துருங்க. காப்பி எடுக்கக் கார்டச் சொருகுனதும் விண்டோஸ் ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், கேன்சல் அடிங்க. கார்டுல லினக்ஸுக்குன்னு பிரிச்சு வச்ச பகுதி (பார்ட்டிஷன்) அதுக்குப் புரியாது, அதான் கேக்குது. அங்க ஓகே அடிச்சு எல்லாத்தையும் தொலைச்சவங்க எத்தனையோ பேரு.

கார்டுக்கும் போர்டுக்கும் வித்தியாசம் பாக்காம, கழட்டிக்கூடப் பாக்காம 3500ங்கறவர்கிட்டப் பொருளக் குடுக்காதீங்க. லைசென்ஸ் லினக்ஸ் ஏத்தித் தர்றேன், 800 குடுங்கன்னு ஒரு கூட்டம் அங்கிட்டும் இங்கிட்டும் திரியுது. லினக்ஸுக்கு ஏதுங்க லைசென்ஸ் காசு? ஏத்திக் குடுக்குற வேலைக்கு நூறு எரநூறு கேட்டாலும் நியாயம் இருக்கு.

கார்டு புதுசா வாங்குனா மேல ஏ1ங்கற வேகக் குறி இருக்கறதப் பாருங்க, நொடிக்கு 1500 சின்ன ரீடும் 500 ரைட்டும் தாங்கணும்னு அதுக்குக் கணக்கு. ஆனா அந்த எழுத்த யாரு வேணா ஸ்டிக்கர்ல அடிச்சிரலாம், தடுக்க ஆளில்ல, ஆன்லைன்ல போலின்னு புகார் குடுத்தா அதே கார்டு வேற பேர்ல மறுபடி வருது, எத்தனை வருஷமா இதையே கத்திக்கிட்டு இருக்கேன். பில்லோட வாங்குங்க, வாங்குன அன்னைக்கே டெஸ்ட் ஓட்டுங்க, ரிட்டர்ன் நாள் தாண்டுனா ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். பழைய கார்டுக்குப் பில் இருந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் பதிஞ்சு வைங்க. இமேஜ் உங்க மாடலுக்கானதையே எடுங்க, மெனுவுல ஷட்டவுன் குடுத்து அணைஞ்சப்புறம் மட்டும் கார்டப் புடுங்குங்க.