வேகக் கேமராக்கள் உயிரைக் காக்கவா, வசூலுக்கா?

வேகக் கேமரா என்பது வண்டியின் வேகத்தை அளந்து, வரம்பைத் தாண்டினால் நம்பர் பிளேட்டைப் படம்பிடிக்கும் கருவி. 1992 முதல் இதைப் பயன்படுத்தும் பிரிட்டனை வைத்துப் பார்த்தால், உயிரைக் காக்கிறது என்பதே என் பதில்.

காரணம் எளிது. 50 கி.மீ. வேகத்தில் வரும் காரை 60க்கு ஏற்றினால் வேகம் கூடுவது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் மோதும்போது வெளிப்படும் ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடும். அதை வாங்கிக்கொள்வது சாலையைக் கடக்கும் குழந்தையின் உடம்பு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2010ஆம் ஆண்டு அறிக்கை, கேமராக்கள் உள்ள பகுதிகளில் உயிரிழப்பும் படுகாயமும் ஏற்படுத்தும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது.

ஒரே இடத்தைப் பார்க்கும் கேமராவுக்கு ஒரு குறை உண்டு. வாத்தியார் வாசலில் நிற்கும்வரை மட்டும் அடங்கியிருக்கும் வகுப்பைப் போல, ஓட்டுநர்கள் அங்கே பிரேக் போட்டுவிட்டு, தாண்டியதும் மிதிப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஆன நேரத்தை வைத்துச் சராசரி வேகம் கணக்கிடும் கேமராக்களிடம் இது பலிக்காது.

பணம்? 2000 முதல் 2007 வரை உள்ளூர் அமைப்புகள் கேமராச் செலவை அபராதத் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்த ஏற்பாட்டின் மேல் எழுந்த சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் இன்று அபராதம் மத்திய கருவூலத்துக்குப் போகிறது. கேமராக்களுக்குப் பளிச்சென்று மஞ்சள் பூசியிருக்கிறார்கள். வசூல்தான் நோக்கமென்றால் மறைத்தல்லவா வைப்பார்கள்?

அதிக அபராதம் ஈட்டும் கேமராதான் நன்றாக வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வேகம் இன்னும் குறையவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.