பர்மா நிலமும் ஹேக் வழக்கும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பாட்டனார் பெகு மாவட்டத்தில் லேவாதேவி நடத்தியவர். அடமானத்தில் மூழ்கி வந்த நெல்வயல்களின் பத்திரங்களும் வரி ரசீதுகளும் வீட்டுப் பெட்டகத்தில் அப்படியே இருக்கின்றன. நிலத்தை பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. எங்களுக்கு ஒரு காசு வரவில்லை. ரோஹிங்கியா விவகாரத்தில் மியான்மரை ஹேக் நீதிமன்றத்துக்கு இழுத்தார்களே, நாமும் வழக்குப் போடலாம், பவர் எழுதித் தாருங்கள் என்கிறார் ஒருவர். தரலாமா?

ஒரு வாசகர், கண்டனூர்

அன்புள்ள நண்பருக்கு,

தர வேண்டாம். மூலப் பத்திரங்களையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். அதன் சட்டவிதி 34 சொல்வது அதுதான். 2019-இல் காம்பியா மியான்மர் மீது வழக்குத் தொடுக்க முடிந்ததற்குக் காரணம், இரண்டும் சேர்ந்திருக்கும் இனப்படுகொலை ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு. நிலப் பிரச்சினைக்கு அந்தப் பிரிவு உதவாது.

தத்துவப்படி மிஞ்சுவது தூதரகப் பாதுகாப்பு. தன் குடிமகனுக்கு நேர்ந்த தீங்கை ஒரு நாடு தனக்கு நேர்ந்ததாக ஏற்று, மற்ற நாட்டிடம் ஈடு கேட்பது. நம் பக்கத்துக் குடும்பங்கள் இடறுவது இங்கேதான். தீங்கு நடந்த நாள் முதல் கோரிக்கை வைக்கும் நாள் வரை குடியுரிமை அறுபடக் கூடாது. பங்காளிகளில் ஒருவர் மலேசியக் குடிமகனாகிவிட்டால் அவர் பங்குக்காக இந்தியா பேச முடியாது. நிலம் போனது பர்மாவின் 1948 நில தேசியமயச் சட்டத்திலா, 1953 சட்டத்திலா என்பதும் முக்கியம்; 1949 நவம்பருக்கு முன் இந்தியக் குடியுரிமையே சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. அடுத்து, பர்மாவிலேயே இருந்த வழிகளைப் பாட்டனார் முயன்று பார்த்தாரா என்று கேட்பார்கள். அதற்கு அவர் கொடுத்த மனுவும் வந்த மறுப்பு ஆணையும் வேண்டும். பத்திரம் உரிமையைத்தான் காட்டும், முயற்சியைக் காட்டாது. எல்லாம் சரியாக இருந்தாலும் கோருவதும் கோராமல் விடுவதும் அரசின் விருப்பம். பார்சிலோனா டிராக்‌ஷன் வழக்கில் 1970-இல் அதே நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

டெல்லி ஏன் கடைசிவரை மல்லுக்கு நிற்கவில்லை என்ற மனக்குறை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதே ஆண்டுகளில் இந்தியா ஜமீன்தாரியை ஒழித்துக்கொண்டிருந்தது. கொடுத்த இழப்பீடு போதுமா என்று நீதிமன்றம் கேட்க முடியாதபடி 1955-இல் அரசியலமைப்பையே திருத்தியது. உள்ளூரில் ஒரு நியாயம், ரங்கூனில் வேறு நியாயம் பேசுவது கடினம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்தது நிலத்தில் ஏறக்குறைய 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். நெல் விலை சரிந்து அடமானங்கள் மூழ்கியதால் வந்த நிலம் அது. அதை உழுதவனின் கோபத்தை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஈடு தராமல் எடுத்ததை நியாயம் என்றும் சொல்ல மாட்டேன்.

இன்று ஓர் அரசு வெளிநாட்டு முதலீட்டைப் பறித்தால், முதலீட்டு ஒப்பந்தம் இருக்கும்பட்சத்தில் நிறுவனமே நேராக நடுவர் மன்றம் போகலாம். ஆனால் பின்னால் வந்த ஒப்பந்தம் முன்னால் நடந்ததைத் தொடாது. 'பறிப்பு இன்றும் தொடர்கிறது' என்ற வாதமும் பொதுவாக எடுபடுவதில்லை: எடுத்த நாளோடு செயல் முடிந்துவிடுகிறது, தொடர்வது அதன் விளைவு மட்டுமே. இந்த நடுவர் முறையில் இந்தியாவே அடிபட்டிருக்கிறது. நம் நீதிமன்றங்களில் ஒன்பது ஆண்டு இழுபட்டதற்காக 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் வென்றது. பிறகு இந்தியா வகுத்த மாதிரி முதலீட்டு ஒப்பந்தம், முதலீட்டாளரை முதலில் உள்நாட்டு நீதிமன்றத்தில் ஐந்தாண்டு முயலச் சொன்னது. அமீரகத்துடன் 2024-இல் செய்த ஒப்பந்தத்தில் அது மூன்றாகக் குறைந்தது. இப்போது நம்மவர்களும் வெளிநாட்டில் பணம் போடுகிறார்களே. உள்ளூர் நீதிமன்றத்தை முதலில் மதிக்கச் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கு நகராத நாட்டில் மூன்றாண்டும் வீண்தான்.

பத்திரங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றிலும் மாவட்டம், டவுன்ஷிப், க்வின் (பர்மிய நில அளவைப் பகுதி) எண், ஏக்கர், வரி கட்டிய ஆண்டு ஆகியவற்றைத் தனி ஏட்டில் எழுதுங்கள். யார் யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை, எந்த ஆண்டிலிருந்து என்று வாரிசுப் பட்டியலும் போடுங்கள். இரு அரசுகள் மொத்தத் தொகை பேசி முடித்துப் பிறகு பங்கிட்டுக் கொடுத்த உடன்பாடுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல உண்டு. பர்மாவுக்கு அப்படி ஒன்று வரும் என்று நான் நம்பவில்லை. வந்தால், பங்கு கேட்க இந்த இரண்டு பட்டியலும் தேவைப்படும்.