ஒரே சொல், எதிரெதிர்ப் பொருள்: ஆங்கிலச் சந்தேகங்களுக்குப் பதில்

வெள்ளவத்தை வாசகர்: வங்கியில் லோன் ‘சாங்ஷன்’ ஆகிவிட்டது என்கிறார்கள். செய்தியில் ரஷ்யா மீது ‘சாங்ஷன்’ என்றால் தடை. எது சரி?

இரண்டும் சரி. சட்டமாக உறுதிப்படுத்துவது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அதிகாரம் தரும் ஒப்புதலும், மீறினால் விழும் தண்டனையும் அங்கிருந்தே கிளைத்தவை. செய்தியில் பன்மையில் வந்தால் அநேகமாகத் தடைதான்.

கொட்டாஞ்சேனை மாணவி: ஓ.எல். பரீட்சைக்கு இப்படிப்பட்ட சொற்களின் முழுப் பட்டியல் தருவீர்களா?

தரமாட்டேன். பட்டியலைப் பாடமாக்கினால் வசனத்தைப் பார்க்கமாட்டீர்கள்.

பொரளை: அமெரிக்கக் கம்பனிக்கு வேலை செய்கிறேன். என் திட்டத்தை ‘டேபிள்’ செய்வோம் என்றார்கள். இரவிரவாக மினக்கெட்டு ஸ்லைட் செய்தேன், கூட்டத்தில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

பாவம். பிரித்தானிய வழக்கில் ‘டேபிள்’ செய்வது பேச்சுக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லை வைத்து நெடுநேரம் வாதாடியதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், விஷயத்தை உடனே பேசவேண்டும் என்பதுதான் இரு தரப்பின் விருப்பமும். நம் பாராளுமன்றம் பிரித்தானிய வழி. ‘சபாபீடத்தில் சமர்ப்பித்தல்’ என்பது அந்த மேசைதான். ஆகவே எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பாருங்கள்.

தெஹிவளை: இப்போது எல்லாக் கந்தோரிலும் அமெரிக்க ஆங்கிலம்தானே? நாமும் மாறுவதே நல்லது.

யார் சொன்னது? லண்டன் கம்பனியோடு வேலை செய்பவர் மாறினால் அடுத்த வாரமே மாட்டிக்கொள்வார்.

மறுபடியும் தெஹிவளை: அப்படியென்றால் ஒரே கூட்டத்தில் இரு நாட்டவரும் இருந்தால்?

அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். ‘இன்று பேசுவோம்’, ‘பிறகு பேசுவோம்’ என்று எழுதினால் யாருடைய மானமும் போகாது. இதோடு மேசையை விடுவோம், வேறு கேள்விகளும் காத்திருக்கின்றன.

மருதானை: ‘க்ளீவ்’ பிளப்பதா, ஒட்டுவதா?

இரண்டும்தான். பழைய ஆங்கிலத்தில் இருந்த இரண்டு வேறு வினைச்சொற்கள் காலப்போக்கில் ஒரே உருவமாகிவிட்டன. டென்னிஸில் வரும் ‘லெட்’டும் அப்படியே, தடுப்பது என்ற பழைய சொல். அனுமதிக்கும் ‘லெட்’ வேறு.

வத்தளை: காஸ் லொறியில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றிருந்தால் தீப்பிடிக்காது என்றுதானே?

ஐயோ, பிடிக்கும்! அந்த ‘இன்’ மறுப்பு இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் இப்போது ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதுகிறார்கள். சிகரெட்டை அணையுங்கள்.

கிருலப்பனை: ‘சாங்ஷன்’ என்றால்...

மேலே பாருங்கள்.

பம்பலப்பிட்டி: வீட்டு ஒப்பந்தத்தில் ‘பைமந்த்லி’ வாடகை என்றிருக்கிறது. மாதம் இரண்டு தரமா, இரண்டு மாதத்துக்கு ஒரு தரமா?

அகராதி இரண்டையும் தருகிறது, என்னால் தீர்க்கமுடியாது. கையெழுத்து வைக்க முன் சட்டத்தரணியிடம் காட்டி, திகதிகளையே எழுதச் சொல்லுங்கள்.