நாலு பேர் சேர்ந்து ஆடும் பிளாட்ஃபார்மர் (மேடை மேடையாகக் குதித்துத் தாண்டும்) கேமில் 'வெரைட்டி இல்லை' என்று விமர்சனம் எழுதினால் "164 லெவல் இருக்கே" என்று சண்டைக்கு வருகிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?

164 லெவல் என்கிறீர்கள், நாலு பேர் என்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் எழுதியது நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 2019 ஜனவரியில் வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யு டீலக்ஸ்' பற்றித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். விமர்சனத்தில் 'வெரைட்டி இல்லை' என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்கள். அந்த வரி சரிதான், ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் தரவில்லை. அதனால்தான் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கோ-ஆப் (கூட்டாக ஆடும்) கேமில் லெவல்களை எண்ணாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வைத்து நீங்கள் என்னென்ன செய்ய முடிகிறது என்று எண்ணுங்கள். டீலக்ஸில் அந்தப் பட்டியல் மிகச் சின்னது. கூட்டாளியின் தலையை மிதித்து உயரமாகக் குதிக்கலாம். அவரைத் தூக்கி எறியலாம். பபிளுக்குள் (உயிர் போனவரோ ஒதுங்க நினைப்பவரோ ஏறிக்கொள்ளும் குமிழி) மிதக்கிறவரைத் தொட்டு வெளியே எடுக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் தரையில் குத்தி, திரையில் நடமாடும் எதிரிகளைச் சாய்க்கலாம். யோஷி என்ற டைனோசர் கிடைக்கும் லெவல்களில் கூட்டாளியை விழுங்கித் துப்பலாம். முதல் வேர்ல்டின் (பல லெவல்கள் சேர்ந்த ஓர் உலகம்) முதல் லெவலில் தெரிந்துகொள்வதற்கும் எட்டாவது வேர்ல்டில் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஸ்விட்ச்சுக்கு முந்தைய கருவியான வீ யு-வில் 2012 நவம்பரில் வந்த மூலப் பதிப்பில் இன்னொன்று இருந்தது: கேம்பேட் (தொடுதிரை உள்ள கட்டுப்படுத்தி) வைத்திருக்கும் ஐந்தாவது ஆள் தொடுதிரையில் தட்டி, குதிப்பவர்களின் காலடியில் கட்டைகளை வைக்கலாம். ஆடத் தெரியாத ஒருவரைக்கூட அணியின் முக்கியமான ஆளாக்கிய ஏற்பாடு அது. டீலக்ஸில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் விமர்சனத்தில் இது கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் டப்பாவில் 'டீலக்ஸ்' என்று போட்டு விற்கும் பதிப்பில் கூட்டாட்டத்துக்கான ஒரு வழி குறைந்திருக்கிறது.

இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு சின்னது என்பதை விளக்கினால் எதிர்வாதம் பாதி அடங்கிவிடும். இந்த கேமை ஒருவர் தனியாகவும் ஆடலாம், நாலு பேரும் ஆடலாம், லெவல்கள் அதே லெவல்கள்தான். அதாவது ஒவ்வொரு லெவலையும், அதில் உள்ள ஸ்டார் காயின் என்ற மூன்று பெரிய நாணயங்களையும், தனி ஆள் ஒருவரால் எடுக்க முடிந்தாக வேண்டும். இந்த நிபந்தனை வந்த நொடியிலேயே 'இரண்டாவது ஆள் இல்லாமல் இந்தக் கதவு திறக்காது' என்ற வகை லெவலை வடிவமைப்பவர் வைக்கவே முடியாமல் போகிறது. இரண்டாவது ஆள் எங்கேயும் தேவைப்படாதபோது, அவரால் கிடைக்கும் சுவாரசியம் மோதலும் நெரிசலும் மட்டும்தான். முதல் இரண்டு வேர்ல்டு வரை அந்த நெரிசல் அபாரமாக இருக்கும். அதற்குப் பிறகும் அதே நெரிசல்தான்.

எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு கேம்கள் போதும். 'பிகோ பார்க்' பார்ப்பதற்குச் சாதாரணமான படம்: பூனைகள், ஒரு சாவி, ஒரு கதவு. ஆனால் குறைந்தது இரண்டு பேர், அதிகபட்சம் எட்டுப் பேர் என்று தனி ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. தள்ள வேண்டிய பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும், அத்தனை பேர் தோள் கொடுத்தால்தான் நகரும். சாவி கிடைத்தாலும் எல்லாரும் கதவுக்குள் போனால்தான் லெவல் முடியும். 2021 மார்ச்சில் வந்த 'இட் டேக்ஸ் டூ' இன்னும் ஒரு படி மேலே. அதைத் தனியாகத் தொடங்கவே முடியாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் இருவரின் கையிலும் வெவ்வேறு கருவி. நாயகன் கோடி என்பவன் ஆணி எறிவான், அவன் மனைவி மே அந்த ஆணியில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடித் தாண்டுவாள். அடுத்து அவனுக்கு மரப்பிசின் துப்பாக்கி, அவளுக்கு அதைப் பற்றவைக்கும் தீக்குச்சித் துப்பாக்கி. பிறகு அவனுக்குக் காலத்தைத் திருப்பும் சக்தி, அவளுக்குத் தன் நகலை நிறுத்தும் சக்தி. ஒரு கருவி சலிக்கத் தொடங்கும் முன்பே அது கையை விட்டுப் போய்விடும். மாரியோ பிரியர்கள் "அது வேற வகை கேம்" என்பார்கள். வேறு வகைதான். கூட்டாட்டத்தில் வெரைட்டி என்றால் எப்படி இருக்கும் என்று காட்டவே அந்த ஒப்பீடு. மாரியோவை அப்படி மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடுத்து உலகங்கள். இங்கே ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 2009-இல் வீயில் வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' வரிசையை எழுதிப் பாருங்கள்: புல்வெளி, பாலைவனம், பனி, கடல், காடு, பாறைமலை, மேகம், எரிமலை. 'யு' வரிசை: புல்வெளி, பாலைவனம், கடல், பனி, காடு, பாறைச் சுரங்கம், மேகம், கடைசியில் நெருப்புக் குழம்பு சூழ்ந்த இளவரசி பீச்சின் கோட்டை. பனியும் கடலும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டிலுமே முதல் ஏழு வேர்ல்டுகளில் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கோபுரமாவது, முடிவில் ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒன்றாக ஏழு கூப்பாலிங்குகள் (பாஸ் எதிரிகள்). 'யு'வில் கோபுரங்கள் பலவற்றில் பூம் பூம் என்ற ஒரே பாஸ். மூன்று முறை மிதித்தால் ஆட்டம் முடிந்தது. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது இந்த பாஸ் சண்டைகள் சில நொடிகளில் முடிந்துவிடும், யார் மிதித்தார்கள் என்றே தெரியாது. பாஸுக்கு நாலு பேரைச் சமாளிக்கும் வழி எதுவும் கொடுக்கப்படவில்லை.

அதே 2012-இல் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸில் 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2'-வும் வந்தது. 'பா பா' என்று குரல் வரும் அதே இசை, அந்தக் குரலுக்கு ஒரு கணம் நின்று ஆடும் அதே எதிரிகள். ஒரே ஆண்டில் இரண்டு கேம்களிலும் அதையே கேட்டவர்கள் சலித்துக்கொண்டதில் அநியாயம் எதுவும் இல்லை.

நியாயமாக எழுத வேண்டும் என்றால் விதிவிலக்குகளையும் சொல்லுங்கள். காட்டு வேர்ல்டான சோடா காட்டில் 'பெயின்டட் ஸ்வாம்ப்லேண்ட்' என்ற லெவலின் பின்னணி முழுவதும் வான் கோவின் நட்சத்திர இரவுபோலச் சுழல் சுழலாகத் தீட்டப்பட்டிருக்கும். தொடரிலேயே மிக அழகான லெவல்களில் ஒன்று. அந்த ஓவியப் பாணி மூல 'யு' லெவல்களில் அதோடு சரி, திரும்ப வரவே இல்லை. பனி உலகத்தில் சுழலும் நட்சத்திர மேடைகள் உள்ள லெவலிலும், எடைக்கு ஏற்பச் சாயும் மேடைகள் வரும் இடங்களிலும் நாலு பேர் என்பது உண்மையாகவே ஆட்டத்தை மாற்றுகிறது. யார் எந்தப் பக்கம் நிற்பது என்று வாய்விட்டுப் பேசியாக வேண்டும். இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன, போதிய அளவு இல்லை. 'வெரைட்டியே இல்லை' என்று எழுதினால் யாராவது இந்த லெவல்களைக் காட்டி உங்களை மடக்குவார்கள். 'நல்ல யோசனைகள் வருகின்றன, ஒரு லெவலோடு கைவிடப்படுகின்றன' என்று எழுதினால் மடக்க முடியாது.

இனி சோதிக்கும் முறை. முதல், நான்காம், ஏழாம் வேர்ல்டுகளிலிருந்து ஒவ்வொரு லெவல் எடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக, இரண்டு பேராக, நாலு பேராக ஆடுங்கள். முடிக்கும்போது கடிகாரத்தில் மிச்சம் எவ்வளவு, எத்தனை உயிர் போனது, எத்தனை முறை ஆபத்து வருமுன்பே யாராவது வேண்டுமென்றே பபிளுக்குள் போனார்கள், எந்த இடத்தில் ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அந்தக் காலிக் கட்டம்தான் உங்கள் ஆதாரம். பபிள் கணக்கும் முக்கியம். நன்றாக ஆடுபவர் ஒருவர், புதியவர்கள் மூவர் என்றால், கஷ்டமான இடம் வந்ததும் மூவரும் பபிளில் ஏறிக்கொள்வார்கள், ஒருவர் தாண்டி முடிப்பார். அந்த நேரம் அது கோ-ஆப் கேமே இல்லை. (எல்லாரும் ஒரே சமயத்தில் பபிளுக்குள் போனால் லெவல் கைவிட்டுப் போகும் என்பதையும் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.)

நாலு பேராக ஆடும்போது வரும் தொந்தரவுகளை 'வெரைட்டி' குறையோடு குழப்பாமல் தனியாக எழுதுங்கள். ஒருவர் காளானைத் தொட்டாலோ அடி வாங்கினாலோ உருமாறும் அந்தக் கணத்துக்கு ஆட்டம் எல்லாருக்கும் உறைந்து நிற்கும். நடு வானில் இருப்பவரின் குதி கணக்கு அங்கே தப்பும். பெட்டியைத் தட்டினால் ஆளுக்கொரு பொருள் கொட்டும் என்பதால் நாலு பேர் அடுத்தடுத்து எடுக்கும்போது நாலு உறைதல். திரை மேல்நோக்கி நகரும் லெவல்களில் கீழே தங்கியவர் திரைக்கு வெளியே போய்ச் சாவார், அவர் தவறே செய்யாமல்.

டீலக்ஸில் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய நாபிட், டோடெட் என்ற பாத்திரங்கள் இருக்கிறார்களே, அது வெரைட்டி இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. நாபிட்டை எதிரிகள் தொட்டால் ஒன்றும் ஆகாது, பள்ளத்திலோ நெருப்புக் குழம்பிலோ விழுந்தால் போய்விடுவான். டோடெட் கிரீடம் எடுத்தால் பீச்செட்டாக மாறி மிதப்பாள். சின்னப் பிள்ளைகளோடு ஆடுபவர்களுக்கு இவை மிக நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டி எழுதுங்கள். ஆனால் இவை கஷ்டத்தைத்தான் குறைக்கின்றன, புதிய வேலை எதையும் தருவதில்லை.

164-இல் பாதியான 'நியூ சூப்பர் லூயிஜி யு' பகுதியை மட்டும் தனியாக எடைபோட வேண்டும். வரைபடமும் பாஸ்களும் பழையவைதான். லெவல்கள் புதியவை, குட்டையானவை, ஒவ்வொன்றுக்கும் 100 நொடிதான். அந்த 100 நொடி நாலு பேரின் நடத்தையை அடியோடு மாற்றிவிடுகிறது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியாது, பபிளில் சாய்ந்து கிடப்பவரும் வெளியே வந்தாக வேண்டும். மூல லெவல்களை விட இதில் கூட்டாட்டம் உயிரோடு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

2023 அக்டோபரில் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒண்டர்' எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று யாராவது சொன்னால் பாதிதான் ஒப்புக்கொள்ளுங்கள். லெவலுக்கு லெவல் ஒண்டர் பூ விதிகளையே புரட்டிப்போடுகிறது, பிரானா செடிகள் பாடிக்கொண்டு அணிவகுத்துப் போகின்றன. லெவல் வெரைட்டிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடிப்பதே இல்லை, ஊடே கடந்து போய்விடுவார்கள். செத்தவர் ஆவியாகி சில நொடிக்குள் கூட்டாளியைத் தொட்டால் பிழைப்பார், யோஷி மேல் சவாரி செய்யலாம், மற்றபடி ஆளாளுக்குத் தனி ஆட்டம்தான். லெவல் வெரைட்டியும் கூட்டாட்ட வெரைட்டியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் "குழந்தைகள் கேமுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். ஒரு படம் வெளியான அன்று மதியத்துக்குள் அதன் ஒளிப்பதிவு, பின்னணி இசை, இரண்டாம் பாதித் தொய்வு வரை தமிழில் பிரித்து மேய்கிறோம். அதைவிடப் பல மடங்கு காசு கொடுத்து, மாதக்கணக்கில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடும் ஒரு கேமுக்கு மட்டும் 'கிராபிக்ஸ் சூப்பர், பத்துக்கு எட்டு' போதும் என்கிறோம். டிரெய்லரை ஓடவிட்டுக் கடைப் பக்கத்தில் உள்ள விவரத்தை வாசிப்பதற்குப் பெயர் விமர்சனம் என்று ஆகிவிட்டது. கோ-ஆப் கேமைத் தனியாக ஆடி முடித்து மதிப்பெண் போடுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. வாங்குபவர் அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் காசைக் கொடுக்கிறார்.

விலையையும் விட்டுவிடாதீர்கள். 2012-இல் 60 டாலருக்கு வந்த கேம் 2019-இல் லூயிஜி பகுதியைச் சேர்த்துக்கொண்டு அதே 60 டாலருக்கு வந்தது. ஸ்விட்ச்சோடு வரும் ஒரு ஜோடி ஜாய்-கான் கட்டுப்படுத்திகளைப் பிரித்தால் இரண்டு பேர்தான் ஆட முடியும், நாலு பேருக்கு இன்னொரு ஜோடி வாங்க வேண்டும். ஆன்லைனில் சேர்ந்து ஆடும் வசதி கிடையாது, எல்லாரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் முதலில் லூயிஜி பகுதியை ஆடச் சொல்லுங்கள். நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேர்ல்டு, அதற்கு மேல் வேண்டாம். 'வெரைட்டி இல்லை' என்ற வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கேம்களின் உலக வரிசையையும், மூன்று லெவல்களில் நீங்கள் குறித்துவைத்த நாலு கணக்கையும் போடுங்கள்.