யோகா வகுப்பில் ஓம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: பெருந்துறை அருகே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் யோகா ஆசிரியராக இருக்கிறேன். ஓம், சூரிய நமஸ்கார மந்திரம் எல்லாம் தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று இரண்டு பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “யோகாவுக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லிச் சமாளிங்க” என்கிறார் தாளாளர். இந்துவான எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: சொல்லாதீர்கள், அது உண்மை இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் ஈசுவரனிடம் தன்னை ஒப்படைப்பதை நியமங்களில், அதாவது யோகி கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களில், ஒன்றாக வைக்கிறது. அந்த ஈசுவரனைக் குறிக்கும் சொல் பிரணவம், அதாவது ஓம், என்று முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. ஆசனத்துக்கு அதில் மூன்றே சூத்திரங்கள்தான். ஆசனம், மூச்சுப் பயிற்சி பற்றிய பழைய நூலான ஹடயோகப் பிரதீபிகை ஆதிநாதனான சிவனை வணங்கித் தொடங்குகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? யோகத்தின் எட்டு அங்கங்களையும் தமிழிலேயே பாடிய திருமந்திரம் சைவத்தின் பத்தாம் திருமுறை. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர், ஊதியூரில் கொங்கணர், பழனியில் போகர் என்று நம் பக்கத்து மலைகளிலெல்லாம் இந்த மரபின் பேச்சுதான்.

பெருமைப்படுங்கள், ஆனால் அளந்து. விஜயமங்கலத்தில் சமணத் தீர்த்தங்கரர் சந்திரபிரபர் கோயில் இருக்கிறதே, அந்தச் சமணருக்கும் தியானம் உண்டு, பத்மாசனம் உண்டு. ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் 15. இன்றைய பன்னிரண்டு நிலை சூரிய நமஸ்காரம் அதில் இல்லை. அதைப் பெரிதாகப் பரப்பியவர் 1920களில், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் சமஸ்தானத்து ராஜா. ஐயாயிரம் வருஷப் பழக்கம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

சரி, அந்தப் பெற்றோர் விஷயத்துக்கு வருவோம். ‘ஓம் மித்ராய நமஹ’ என்பது சூரியனைப் பெயர் சொல்லி வணங்குவது. வெறும் ஒலி அதிர்வு, நரம்புக்கு நல்லது என்று மழுப்பினால் மந்திரத்தை இறக்கிவிடுவது நீங்கள்தான். அது வழிபாடு என்று நீங்கள் நம்புகிறீர்கள். அவர்கள் சொல்வதும் அதையேதான். அப்புறம் எப்படிக் கட்டாயப்படுத்துவது? சட்டமும் இடம் தராது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் நடக்கும் வழிபாட்டில் ஒரு சிறுவனைக் கலந்துகொள்ளச் சொல்ல வேண்டுமானால் அவன் பெற்றோரோ காப்பாளரோ சம்மதித்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. 2015இல் முதல் சர்வதேச யோகா தினத்திலும், எதிர்ப்புகளுக்கு நடுவே, சூரிய நமஸ்காரம் பொது நிகழ்ச்சியில் இடம்பெறவில்லை.

அதனால் மந்திரத்தை வகுப்பு நேரத்துக்கு வெளியே எடுத்து வையுங்கள். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால், விருப்பமுள்ள பிள்ளைகள் வந்து சொல்லட்டும். வருகைப் பதிவை அதற்கப்புறம் எடுங்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும், இந்துப் பிள்ளைதானே என்று கேட்காமல் விடக் கூடாது. வகுப்பில் சூரிய நமஸ்காரத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்று சொல்லி நடத்துங்கள். முதல் நிலையில் கை கூப்பத் தயங்குபவன் கையைத் தொங்கவிட்டு நிற்கட்டும், குனிந்து நிமிர அதனால் ஒரு தடையும் இல்லை. ஆசனங்களின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். கலிபோர்னியாவின் என்சினிடாஸ் பள்ளிகளில் பெற்றோர் ஆட்சேபித்ததும் பத்மாசனத்துக்கே வேறு பெயர் வைத்தார்கள். நமக்கு அந்தக் கூத்து வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்தில் “ஏனுங்க சார், இது சாமி கும்பிடறதுங்களா?” என்று யாராவது கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: “யோகாவோட வேர் இந்து மரபுதானுங்க. வகுப்புல செய்யறது உடம்புக்கும் மூச்சுக்குமான பயிற்சி. மந்திரம் வேணுங்கறவங்களுக்கு மட்டும், அதுவும் மணி அடிக்கறதுக்கு முன்னாடி.”

இதற்கும் ஒத்துக்கொள்ளாத பெற்றோர் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஓட்டமோ விளையாட்டோ கொடுக்கச் சொல்லி உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி வையுங்கள். மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது. தாளாளரிடம் இந்த ஏற்பாட்டை எழுத்தில் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.