ஈமாக்ஸின் புதிய பதிப்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரியில் படித்தபோது ஈமாக்ஸ் என்ற எடிட்டரில்தான் நிரல் எழுதினேன். ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தாவிப் பார்க்கவும், தட்டும்போதே பிழைகளை அறியவும் பேக்கேஜ்கள் எனப்படும் கூடுதல் நிரல்களை ஏகப்பட்டது நிறுவிச் சரிக்கட்ட வேண்டியிருந்ததால் வேறு எடிட்டருக்கு மாறிவிட்டேன். இப்போது அந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். உண்மையா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: பெருமளவுக்கு உண்மை. 2023 ஜூலையில் வெளிவந்த 29.1 பதிப்பிலிருந்து எக்ளாட் என்ற பகுதி ஈமாக்ஸுடனேயே வருகிறது. இதன் அருமையை உணரப் பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். முன்பு ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு நிரல் மொழியையும் தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பத்து எடிட்டர்கள், பத்து மொழிகள் என்றால் நூறு இணைப்புகள் தேவை. 2016-இல் மைக்ரோசாஃப்ட் தன் விஎஸ் கோட் எடிட்டருக்காக உருவாக்கிப் பொதுவில் வெளியிட்ட லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இந்தப் பெருக்கலைக் கூட்டலாக மாற்றியது. மொழியைப் பற்றிய அறிவு முழுவதும் சர்வர் எனப்படும் தனி நிரலில் இருக்கும். அந்தப் பொது நெறியைப் பேசத் தெரிந்த எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். சி, சி++ மொழிகளுக்குக் கிளாங்டி, ரஸ்ட் மொழிக்கு ரஸ்ட்-அனலைசர் ஆகியவை அத்தகைய சர்வர்கள்.

ஈமாக்ஸின் சார்பில் இந்தச் சர்வர்களுடன் பேசுவதுதான் எக்ளாட். ஜோவாவ் தாவோரா எழுதிய அது, முன்பு தனிப் பேக்கேஜாகக் கிடைத்துவந்தது. அதில் நான் பெரிதும் மதிப்பது அதன் அடக்கம். தனக்கென்று புதிய திரைகளையும் பட்டைகளையும் கொண்டுவராமல், ஈமாக்ஸில் ஏற்கெனவே இருந்த வசதிகளின் வழியாகவே அது பேசுகிறது. மெட்டா விசையுடன் புள்ளியை அழுத்தினால் வரையறைக்குத் தாவுவது, ஃப்ளைமேக் என்ற பிழை காட்டும் வசதி மூலம் பிழைகளுக்கு அடிக்கோடு விழுவது என உங்கள் விரல்களுக்குப் பழகியவை அப்படியே இருக்கும். பின்னால் பதில் சொல்வது மட்டும் மாறியிருக்கும். மேலும், சர்வரும் எடிட்டரும் பரிமாறிக்கொள்ளும் செய்திகள் ஜேசன் என்ற தரவு வடிவில் இருப்பதால், 30-ஆம் பதிப்பில் ஜேசன் படிக்கும் பகுதியை வெளி நூலகத்தின் துணையின்றிப் புதிதாக எழுதியிருப்பது இங்கே வேகத்தில் பலன் தருகிறது. ஆனால் சர்வர்கள் ஈமாக்ஸுடன் வருவதில்லை. நீங்கள் பயன்படுத்தும் மொழிக்குரியதை நீங்களே நிறுவ வேண்டும்.

கேள்வி: 29-ஆம் பதிப்பில் பைத்தான்-டிஎஸ்-மோடைத் தொடங்கினால், இலக்கணக் கோப்பு இல்லை என்ற எச்சரிக்கை வருகிறது. அதைச் சரிசெய்த பிறகு, என் பழைய பைத்தான் அமைப்புகள் எதுவும் இயங்கவில்லை. நான் எதைத் தவறவிட்டேன்?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் எதையும் தவறவிடவில்லை, இந்தப் பதிப்பின் கரடுமுரடான இடமே இதுதான். ஈமாக்ஸ் நெடுங்காலமாகச் சொல்வடிவங்களை ஒப்பிட்டுத்தான் நிரலுக்கு வண்ணம் தீட்டிவந்தது. பைத்தான்-டிஎஸ்-மோட் பயன்படுத்தும் ட்ரீ-சிட்டர் நூலகமோ நிரலை முழு இலக்கண மரமாகப் பகுத்து, நீங்கள் ஓர் எழுத்தை மாற்றும்போது தொடர்புடைய கிளையை மட்டும் புதுப்பிக்கிறது. கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் எடிட்டருக்காக மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் அதை உருவாக்கினார். ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பொருட்டுப் பிறந்த நூலகம் நியோவிம், ஈமாக்ஸ் ஆகியவற்றில் வாழ்கிறது. கட்டற்ற மென்பொருளில் உழைப்பு வீணாவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு மொழியின் இலக்கணமும் தனி நூலகம். அவற்றை ஈமாக்ஸ் உடன் தருவதில்லை. ட்ரீசிட்-இன்ஸ்டால்-லேங்குவேஜ்-கிராமர் என்ற கட்டளை, இலக்கணத்தின் மூலநிரலைக் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்கிறது, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. எனவே சி கம்பைலர் இருக்க வேண்டும். இலக்கணங்கள் ஈமாக்ஸைப் பொருட்படுத்தாமல் தம் போக்கில் மாறுகின்றன என்பதால், ஆகப் புதியதை இறக்கினால் வண்ணங்கள் உடையக்கூடும். இலக்கணங்களை எங்கிருந்து இறக்குவது என்று குறிக்கும் முகவரிப் பட்டியலில், முகவரிக்கு அடுத்து, ஈமாக்ஸ் பதிப்போடு ஒத்துப்போகும் வெளியீட்டின் பெயரையும் குறிப்பிட்டுவிடுங்கள். பயனர் தலையில் இவ்வளவு சுமத்தியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் அமைப்புகள் இயங்காததற்கு வேறு காரணம் உண்டு. பைத்தான்-மோடும் பைத்தான்-டிஎஸ்-மோடும் தனித்தனி மோடுகள், அதாவது ஒரு வகைக் கோப்பைக் கையாளும் தனித்தனி அமைப்புகள். மோட் தொடங்கும்போது இயங்க வேண்டியவற்றின் பட்டியலே ஹூக். ஒன்றின் ஹூக்கில் எழுதியது மற்றதில் ஓடாது. இரண்டுக்கும் பொதுத் தாயான பைத்தான்-பேஸ்-மோடின் ஹூக்குக்கு அவற்றை மாற்றி எழுதினால் இரு பக்கமும் வேலை செய்யும்.

கேள்வி: 30.1-க்கு மாறியபின், ஈமாக்ஸை விரிவாக்க அதன் சொந்த மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப்பில் நான் எழுதும் கோப்புகளில், பிழைகளைக் காட்டும் அடிக்கோடுகள் வருவதில்லை. இது பதிப்பின் குறையா?
– வாசகர், மதுரை

பதில்: குறையன்று, வேண்டுமென்றே செய்த காப்பு. லிஸ்ப் கோப்பில் பிழை தேடும்போது அதிலுள்ள மேக்ரோக்களை, அதாவது வேறு நிரலை உருவாக்கித் தரும் நிரல் துண்டுகளை, விரித்துப் பார்க்க வேண்டும். விரிப்பது என்றாலே அந்த நிரலை இயக்குவதுதான். ஆகவே, ஃப்ளைமேக் இயங்கும் நிலையில் பிறர் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தாலே தீங்கான நிரல் ஓடிவிடக்கூடிய ஓட்டை இருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த 30.1 இதை அடைத்திருக்கிறது: டிரஸ்டட்-கன்டென்ட் என்ற மாறியில் நீங்கள் நம்புவதாகக் குறித்த கோப்புறைகளில் மட்டுமே அந்தச் சோதனை நடக்கும். உங்கள் சொந்த நிரல்கள் உள்ள கோப்புறையை, இறுதியில் சாய்கோட்டுடன், அங்கே சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் நம்பு என்று ஒரே சொல்லில் அமைக்கவும் வழி உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஈமாக்ஸின் 28.2 பதிப்பே இருக்கிறது. புதியதை நானே கம்பைல் செய்யலாமா?
– கணினி ஆய்வகப் பொறுப்பாளர், சேலம்

பதில்: மேலே சொன்ன வசதிகள் தேவையானால் செய்யலாம். டெபியன் 13-க்கு மாறினால் 30.1 தானாகவே கிடைக்கும் என்பதால், பல கணினிகள் உள்ள ஆய்வகத்துக்கு அதுவே எளிது. நீங்களே கம்பைல் செய்வதானால், லிப்ஜிசிசிஜிட் நூலகத்தை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். லிஸ்ப் நிரலை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி 28-இல் விரும்பினால் மட்டும் சேர்ப்பதாக இருந்தது. 30-இல் அந்த நூலகம் இருந்தால் தானாகவே சேர்கிறது. முதல் சில தொடக்கங்களில் பின்னணியில் கம்பைல் நடப்பதால் பழைய கணினிகள் சற்றுத் திணறும். அப்போது மாணவர்கள் பாதியில் நிறுத்திவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.