மான்டெர்ரேயிலும் ஒருமுறை பந்தை உருட்டுங்கள்

கேள்வி: மெஸ்ஸி அமெரிக்கா போன புதிதில் கடைசி நிமிடத்தில் ஃப்ரீ கிக் கோல் ஒன்று அடித்தாரே, அது அமெரிக்க லீக் ஆட்டமே இல்லை என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அது லீக்ஸ் கப். அமெரிக்காவின் எம்.எல்.எஸ்., மெக்சிகோவின் லிகா எம்.எக்ஸ். ஆகிய இரண்டு லீக்குகளின் கிளப்புகள் மட்டும் மோதும் தொடர். எம்.எல்.எஸ்.ஸில் டொராண்டோ, மான்ட்ரியல், வான்கூவர் என்று மூன்று கனடா கிளப்புகளும் ஆடுவதால் அவையும் இதில் வரலாம்.

2019இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது இதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அந்த முதல் கோப்பையை மெக்சிகோவின் குரூஸ் அசுல் எடுத்தது. 2021இல் இன்னொரு மெக்சிகோ அணியான லியோன். 2023இல்தான் எல்லாம் மாறியது. இரண்டு லீக்குகளும் தங்கள் சொந்த ஆட்டங்களை ஒரு மாதம் நிறுத்திவைத்து, 47 கிளப்புகளையும் ஒன்று விடாமல் களத்தில் இறக்கின. இரண்டு நாடுகளின் முதல்தர லீக்குகள் முழுவதுமாகக் கதவை அடைத்துவிட்டு ஒன்றோடொன்று ஆடப் போவது சாதாரணச் செய்தியா?

அந்தத் தொடரின் முதல் நாள், 2023 ஜூலை 21. மெஸ்ஸியின் இன்டர் மியாமிக்கு எதிரே அதே குரூஸ் அசுல். 54ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி இறங்குகிறார். பத்து நிமிடம் கழித்து மெக்சிகோ அணி ஒரு கோல் போட்டு 1-1 என்று சமன் செய்கிறது. 94ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக். இடது காலால் சுவருக்கு மேலே வளைத்து வலையின் மேல் மூலையில் சேர்த்தார். அடுத்த ஆறு ஆட்டங்களிலும் நிற்கவில்லை. ஏழு ஆட்டங்களில் பத்து கோல்.

நாஷ்வில் அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். 1-1 சமன். கூடுதல் நேரம் கிடையாது, நேராக பெனால்டி. இரு பக்கமும் பத்துப் பத்து ஆட்டக்காரர்கள் உதைத்து முடித்தும் தீராமல், கடைசியில் கோல்கீப்பர்களே பந்தை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. மியாமியின் கோல்கீப்பர் கேலண்டர் தன் பந்தை வலைக்குள் அடித்தார். உடனே கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்று, எதிரணி கோல்கீப்பர் அடித்ததைத் தடுத்தார். 10-9. கோப்பை மியாமிக்கு.

கேள்வி: சமன் ஆனாலும் பெனால்டி அடிக்க வைக்கிறார்களாமே, முதல் சுற்றிலுமா?

பதில்: ஆமாம். 90 நிமிடத்தில் வென்றால் மூன்று புள்ளி. சமன் என்றால் பெனால்டி. அதில் வென்றவருக்கு இரண்டு, தோற்றவருக்கு ஒன்று. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. முதல் சுற்றில் ஒரு புள்ளி போதும் என்று பின்வரிசையில் கூடி நிற்கும் அணிக்கு இங்கே வேலையில்லை.

கேள்வி: மெக்சிகோ லீக்தான் வலிமையானது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கடைசி மூன்று முறையும் எம்.எல்.எஸ். அணிகளே ஏன் வென்றன?

பதில்: நீங்கள் சொன்னது கொஞ்சம்தான், நிலைமை அதைவிட மோசம். 2023, 2024, 2025 மூன்று தொடர்களிலும் சேர்த்து அரையிறுதிக்கு வந்த அணிகள் பன்னிரண்டு. அதில் மெக்சிகோ அணி ஒன்றே ஒன்று, 2023இன் மான்டெர்ரே. அதுவும் நாஷ்வில்லிடம் தோற்றது.

இப்போது இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வைக்கிறேன். வட, மத்திய அமெரிக்கக் கண்டத்தின் சாம்பியன் கோப்பையை 2006 முதல் 2021 வரை ஆண்டுதோறும் மெக்சிகோ கிளப்புகளே வென்றன. 2022இல் எம்.எல்.எஸ். அணியான சியாட்டில் அந்தத் தொடர்ச்சியை அறுத்தது. மறுபடி மெக்சிகோ அணிகள்: 2023இல் லியோன், 2024இல் பச்சூகா, 2025இல் குரூஸ் அசுல். அந்தக் கடைசி இறுதி ஆட்டத்தில் வான்கூவர் 5-0 என்று சிதறியது. அதே கிளப்புகள், அதே ஆட்டக்காரர்கள். ஒரு கோப்பையில் ராஜா, இன்னொன்றில் 2023 முதல் மான்டெர்ரே தவிர யாராலும் அரையிறுதி வாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. எப்படி?

சாம்பியன் கோப்பையில் இரண்டு நாட்டு மைதானங்களிலும் ஆட்டம் நடக்கிறது. லீக்ஸ் கப்போ, 2019 தொடங்கி 2025 வரை நடந்த ஐந்து முறையும் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே நடந்தது. மெக்சிகோ அணிக்குச் சொந்த மண்ணில் ஒரு ஆட்டமும் இருந்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஹோட்டலில் தங்கி ஆடினார்கள். எதிரணி இரவு வீட்டில் தூங்கிவிட்டு வந்தது.

மெக்சிகோவின் பெரிய பலமும் இதனால் பறிபோனது. டோலூகா நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பச்சூகா ஏறத்தாழ 2,400 மீட்டர். காற்றில் பிராணவாயு குறைவு. பழகாதவர்களுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும், கால் கனக்கும். 2024 கண்டக் கோப்பையில் கொலம்பஸ் அணி மான்டெர்ரே நகருக்கே போய் அந்த ஊரின் இரண்டு கிளப்புகளான டிக்ரெஸையும் மான்டெர்ரேயையும் வெளியேற்றிவிட்டு வந்தது. அத்தனை பெரிய அணி, இறுதி ஆட்டத்துக்குப் பச்சூகா மேட்டில் ஏறியதும் 3-0 என்று வீழ்ந்தது.

அதற்காக எம்.எல்.எஸ். அணிகளின் வெற்றியை நான் தள்ளுபடி செய்ய மாட்டேன். அதே கொலம்பஸ்தான் 2024 லீக்ஸ் கப்பை வென்றது. 2025இல் சியாட்டில் முதல் சுற்றில் கண்டச் சாம்பியனான குரூஸ் அசுலை 7-0 என்று அடித்தது. இறுதியில் மெஸ்ஸியின் மியாமியை 3-0. ஊர் மைதானம் மட்டும் ஏழு கோல் போட்டுத் தராது. அவர்கள் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறார்கள். எவ்வளவு தூரம் என்பதை மெக்சிகோவில் ஆடிக் காட்டட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: 2025இல் ஏன் அணிகளைக் குறைத்தார்கள்?

பதில்: இரு பக்கமும் 18 என்று சமமாக்கினார்கள். முதல் சுற்றில் எல்லா ஆட்டமும் மற்ற லீக்கின் அணியோடுதான். புள்ளிப் பட்டியல் மட்டும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடத்தவர் காலிறுதிக்கு வருவார்கள், அங்கேயும் நாட்டுக்கு நாடு மோதல். நல்ல மாற்றம்.

கேள்வி: உலகில் வேறெங்கும் இப்படி இருக்கிறதா?

பதில்: இருந்தது. அயர்லாந்து குடியரசு, வட அயர்லாந்து கிளப்புகளுக்கு 2005 முதல் 2014 வரை செட்டான்டா கோப்பை நடந்தது. அமெரிக்காவும் மெக்சிகோவும்கூட 2007 முதல் 2010 வரை சூப்பர்லிகா என்ற பெயரில் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டன. லீக்ஸ் கப்புக்கு அந்தக் கதி வரக் கூடாது.

கேள்வி: நீங்கள் ஹூஸ்டனில் இருபது ஆண்டுகளாக வசிப்பவர். உங்கள் ஆதரவு எந்தப் பக்கம்?

பதில்: நான் ஹூஸ்டன் டைனமோவின் ஆரஞ்சுச் சட்டைக்காரன். ஆனால் 2025 ஆகஸ்ட் 20 இரவு மெக்சிகோ பக்கம்தான் இருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மான்டெர்ரேயில் பிறந்தவர், டிக்ரெஸ் வெறியர். அன்று மியாமியோடு காலிறுதி. அவர் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். கழுத்துப் பட்டை நைந்துபோன மஞ்சள் சட்டை அவர் உடம்பில். ஹூஸ்டனில் பிறந்த ஒன்பது வயது மகனும் அதே மஞ்சளில். மியாமியின் சுவாரெஸ் பெனால்டியில் ஒரு கோல் போட்டார். 67ஆவது நிமிடத்தில் டிக்ரெஸின் கொரேயா சமன் செய்தபோது பையன் சோபாவிலிருந்து குதித்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். 89ஆவது நிமிடத்தில் மறுபடி டிக்ரெஸ் ஆட்டக்காரர் கையில் பந்து பட்டது, மறுபடி பெனால்டி, மறுபடி சுவாரெஸ். 2-1. அந்த மனிதர் ரிமோட்டை எடுத்து ஒலியை மட்டும் குறைத்தார். படத்தை அணைக்க மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பையன், "வோல்கான்ல ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போமாப்பா?" என்று கேட்டான். வோல்கான் என்றால் எரிமலை. டிக்ரெஸின் சொந்த மைதானத்தை ரசிகர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். அவன் அதைப் பார்த்ததே இல்லை.

அப்பா பதில் சொல்லவில்லை. டேபிள்மேல் இருந்த தட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மான்டெர்ரே ரசிகர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள், டிக்ரெஸ் கூட்டம் எந்தப் பக்கம் எழுந்து நிற்கும், கோல் விழுந்தால் படிக்கட்டு எப்படி அதிரும் என்று விரலால் வரைந்து காட்டத் தொடங்கினார். நான் கிளம்பும்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது. இன்னும் வரைந்துகொண்டிருந்தார்.